பாதிக்குப் பாதி போகாதே

மாட்டுத் தரகர் நாட்டராயன் தன் வாழ்நாளில் எதையும் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. கடைசியில் தன் இடுப்பையும் அப்படித்தான் பேரம் பேசி வாங்கினார் என்று அவர் மனைவி தெய்வாத்தாள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்வதில் மிகை இருக்கும், பொய் இருக்காது.

லாரியில் காளை ஏற்றும்போது சாய்வுப் பலகை வழுக்கியது. காளை விழுந்தது நாட்டராயன்மேல். காளை எழுந்து போய்விட்டது, நாட்டராயன் எழவில்லை. இடுப்புக்குக் கீழே என்று ஒன்று தனக்கு இருப்பதையே இனிக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள்.

மற்றவனுக்கு என்றால் சக்கர நாற்காலி ஒரு கஷ்டம். தரகருக்கு அது முற்றுப்புள்ளி. செல்போனில் மாட்டின் ஏழு தலைமுறையைப் பார்க்க முடிகிற இந்தக் காலத்திலும் வெள்ளியம்பாளையம் சந்தையில் விலை மட்டும் துண்டுக்கடியில்தான். இருவரும் நேருக்கு நேர் நின்று, சேர்த்த கைகளின்மேல் துண்டைப் போட்டு, அடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். வாய் மழையைப் பற்றிப் பேசும், விரல் மாட்டைப் பற்றிப் பேசும். முகத்தைப் பார்த்துக்கொண்டே விரலைப் படிக்க வேண்டும். உட்கார்ந்தவனிடம் குனிந்து பேசினால் முகம் தெரியாது, துண்டு விலகும், சுற்றி நிற்கிற கும்பல் எட்டிப் பார்க்கும். ஆகவே, நிற்க முடியாதவன் தரகன் இல்லை.

அப்படித்தான் அவர் நாமக்கல் சாலையில், கோழிப்பண்ணைகளுக்கு நடுவே, தண்டுவடம் அறுந்தவர்களை நடக்க வைக்கப் பார்க்கிற ஓர் ஆய்வுக்கூடத்துக்குத் தெய்வாத்தாளோடு வந்து சேர்ந்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார் என்றும் சொல்லலாம்.

டாக்டர் ஹெப்சிபா நாகர்கோவில்காரி, முப்பதைத் தாண்டியவள். இமைப்பதைக்கூட மறந்து வேலை பார்க்கிற ரகம். சுவரளவு திரையில் ஒரு படத்தைப் போட்டாள்.

"இது என்னுங் அம்மிணி, பலாப்பழமா?" என்று கேட்டார் நாட்டராயன்.

"கோழியோட இடுப்புத் தண்டுவடத்துல இருக்கற ஒரு நரம்புச் செல் ஐயா. ஒரே ஒரு செல். இது 'இழு'ன்னு சொன்னாத்தான் கால் தசை இழுக்கும்."

"மேல முள்ளு முள்ளா இருக்குதே?"

"முள் இல்ல. ஒவ்வொண்ணும் வேற ஒரு நரம்போட நுனி. எங்கெங்கிருந்தோ வந்து இதுகிட்ட சேதி சொல்லுது. ஆயிரக்கணக்குல. உடம்பு தெரியாத அளவுக்கு மொய்ச்சிருக்கு பாருங்க."

"தேன்கூட்டுல ஈ மொய்ச்ச மாதிரி" என்றாள் தெய்வாத்தாள்.

ஹெப்சிபா ஒரு நுனியைப் பெரிதாக்கினாள். திரை முழுவதும் அந்த ஒரே நுனி. உள்ளே ஜவ்வரிசியைப்போல உருண்டை உருண்டையாகச் சின்னஞ்சிறு பைகள், கரையோரமாக முண்டியடித்துக்கொண்டு நின்றன. கரைக்கு அந்தப் பக்கம் செல்லின் சுவர். இரண்டுக்கும் நடுவே மெல்லிய ஒரு வெளுப்பு.

"தொடலையே அம்மிணி. சந்து உட்டிருக்குதே."

"தொடாது. அந்தச் சந்துலதான் எல்லாமே நடக்குது. பை உடைஞ்சு உள்ள இருக்கற ரசாயனம் அந்தப் பக்கம் கொட்டும். அந்தப் பக்கம் அதை வாங்கிக்கும். பக்கத்துல இருக்கறவனுக்குக்கூட என்ன பேசினாங்கன்னு தெரியாது."

 தெய்வாத்தாள் நாட்டராயனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கை, தோளில் கிடந்த துண்டைப் பிடித்திருந்தது.

"துண்டு போட்டுப் பேசறானுங்க" என்றார், கோயிலுக்குள் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தி.

நாற்பது வருஷம் சந்தை சந்தையாக அலைந்த மனுஷன். அத்தனை சந்தைக்கும் அவரைத் தூக்கிக்கொண்டு போன இடுப்புக்குள்ளேயே இப்படி ஒரு சந்தை இரவும் பகலும் கூடிக் கலைந்துகொண்டிருந்தது அவருக்கு இன்றுதான் தெரிகிறது. ஒரு சத்தம் இல்லை, ஒரு புழுதி இல்லை. அத்தனை விரல்களும் பேசி முடித்துத்தான் ஒரு கால் முன்னே போயிருக்கிறது.

"அதா அந்தப் பெரிய நுனி? அடியில தட்டு வெச்சாப்பல ஒண்ணு இருக்குதே?"

"அது போன்னும் சொல்லாது, போகாதேன்னும் சொல்லாது. மத்தவங்க சொல்றதை உரக்கக் கேக்க வைக்கும்."

"ஓ! சுத்தி நின்னு உசுப்பேத்தற ஆளு. எங்க சந்தையிலும் நாலு பேர் திரியறானுங்க."

ஹெப்சிபா சிரிப்பை அடக்கிக்கொண்டு விஷயத்துக்கு வந்தாள். மனிதனின் நடைக்குத் தலையிலிருந்து சேதி இறங்கி வர வேண்டும். நாட்டராயனுக்கு அந்த வழி அறுந்துவிட்டது. கோழிக்கோ நடை இடுப்பிலேயே இருக்கிறது. உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிற உறுப்பும் அங்கேயே இருக்கிறது.

"தலைய அறுத்தப்புறமும் கோழி ஓடுமுங்க" என்றார் நாட்டராயன்.

"அதேதான். முட்டையை விட்டு வந்த அன்னிக்கே குஞ்சு நடக்குது. யாரும் கத்துக்குடுக்கறதில்ல. கூண்டைவிட்டு வெளிய வராத கோழியை எடுத்துப் பார்த்தோம். அதுக்குள்ளயும் ஒரு இணைப்பு குறையல. நடக்கவே விடாத ஒரு உயிருக்குள்ள, நடை முழுசா இருந்தது." 

"அப்ப கோழி நரம்பையா எனக்கு வெக்கப் போறீங்க?"

"செல் உங்களோடது. உங்க தோல்லருந்தே வளர்க்கறோம். யார்கூட யார் பேசணுங்கற வரைபடம் மட்டும் கோழியோடது. அந்தச் செல்களை ஒரு கூழாக்கி அறுந்த இடத்துக்குக் கீழ வச்சா, இணைப்புகள் தானா வளரும். நீங்க முன்னால சாய்ஞ்சா கால் நடக்கும். நிமிர்ந்தா நிக்கும்."

"நிமிந்தா எப்படிங்க நிக்கும்?"

அவள் இன்னொரு நுனியைக் காட்டினாள். இதில் பைகள் உருண்டையாக இல்லை, நசுக்கிய அவலைப்போலத் தட்டையாக இருந்தன. "உருண்டைப் பை 'போ'ன்னு சொல்றது. தட்டைப் பை 'போகாதே'ன்னு சொல்றது."

"தட்டை எத்தனைங்க?"

"ஏறக்குறையப் பாதி."

"பாதியா!" நாட்டராயனின் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. "பாதிக்குப் பாதி போகாதேன்னா கோழி எப்படிங்க போகும்?"

"அவங்க இருக்கறதாலதான் போகுது. ஒரு கால் எழும்பணும்னா இன்னொரு கால் ஊணி நிக்கணும். முன்பக்கத் தசை இழுக்கறப்ப பின்பக்கத் தசை சும்மா இருக்கணும். சும்மா இருன்னு அதுகிட்ட யாராவது சொல்லணும் இல்லையா? சும்மா இருக்கறதும் ஒரு வேலை ஐயா."

சிக்கல் காலத்தில் இருந்தது. உருண்டைப் பை நுனிகள் சீக்கிரம் வளர்ந்துவிடும். தட்டைப் பை நுனிகள் ஆற அமரத்தான் வரும். ஐப்பசி மழை முடிகிற வரை எழுந்து நிற்கவே கூடாது என்றாள் ஹெப்சிபா.

"சித்திரையில தேருங்க" என்றார் நாட்டராயன். "தேர்ச் சந்தைக்கு நான் போகலைன்னா என் வாடிக்கை பூராவும் ரங்கப்பன் கைக்குப் போயிரும். அப்புறம் நடந்து என்ன பண்றது, வாசல்ல காக்கா ஓட்டறதா?"

"முடியாது ஐயா."

"எங்க தொழில்ல முதல்ல சொல்ற 'முடியாது' மரியாதைக்குங்க அம்மிணி. இந்தத் தட்டைப் பையனுங்களையும் நான் பார்த்துட்டேன். பாதிப் பேரு போகாதேங்கறான்னா, அதுல பாதிப் பேரு சும்மா ஒப்புக்குச் சொல்றவன். இருக்கற தட்டைய வெச்சுச் சித்திரையில எழுப்புங்க. மிச்சம் பின்னால வந்து சேர்ந்துக்கட்டும்."

ஹெப்சிபா சிரித்துவிட்டாள். எதிராளி சிரித்தால் பேரம் படிந்த மாதிரி என்று நாட்டராயனுக்குத் தெரியும். அவளுக்கும் ஓர் அவசரம் இருந்தது அவருக்குத் தெரியாது: ஆய்வுக்கூடத்தை நடத்துகிறவர்கள், நடக்கிற ஒரு ஆளைக் காட்டு, இல்லையென்றால் கதவைச் சாத்து என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆசை இருந்தால் தப்பான பேரம் வெகு சீக்கிரம் முடியும்.

கூழை உள்ளே வைத்துக் காயமும் ஆறியபின், பங்குனியில் ஒரு காலை நேரம் அவரைக் கம்பிகளுக்கு நடுவே நிறுத்தி, முன்னால் சாயச் சொன்னார்கள். சாய்ந்தார். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கண்ணெதிரே இருந்த சுவர் கிட்டே வந்தது. குனிந்து பார்த்தார். அவருடைய கால்கள் நடந்துகொண்டிருந்தன. முழங்காலைக் கொஞ்சம் உயரத் தூக்கி, விரல்களை அகல விரித்து வைத்து, தரையை மதித்து நடக்கிற நடை. யாருடைய அனுமதியும் கேட்காத நடை. இது மனுஷன் போட்ட கணக்கு இல்லை என்று அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. எந்தக் காலத்திலோ காட்டில் மேய்ந்த ஏதோ ஒரு பறவைக்கு வகுக்கப்பட்டது, முட்டைக்குள் முட்டையாகக் கைமாறி வந்து, இன்று ஒரு தரகரை நடத்திக்கொண்டு போகிறது.

தெய்வாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "தீவனம் என்னுங்க டாக்டரம்மா வெக்கறது?"

வீட்டுக்கு வந்தபின்தான் சங்கதி தெரிந்தது. சாய்ந்தால் நடக்கும் என்பது சரி. நிமிர்ந்தால் நிற்கும் என்பது கால்களின் மனசைப் பொறுத்தது. சில வேளை நின்றன. சில வேளை, பல் துலக்க நின்றவரைத் தெருமுனை வரைக்கும் கொண்டுபோய்விட்டு வந்தன. வாயில் நுரையோடு போகிறவரைப் பார்த்து, "என்னுங்க மாமா, மேய்ச்சலுக்கா?" என்று எதிர்வீட்டுக்காரன் கேட்டான். தெய்வாத்தாள் காளைக்கு வாங்கிய கயிற்றை அவர் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தூணில் கட்டினாள்.

"டாக்டரம்மாகிட்டச் சொல்லிப்போடலாங்க."

"சொன்னா படுக்க வெச்சிருவாங்க. தேர் முடியட்டும் புள்ள. வாயத் தொறக்காதே."

அவள் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக, கயிறு இல்லாத நேரமெல்லாம் அவருக்குப் பின்னால் ஓரடி தள்ளி நடக்க ஆரம்பித்தாள். சமையல் பாதியில் நின்றது. சாயங்காலம் கால் வீங்கியது அவளுக்கு.

தேர்ச் சந்தையில் நாட்டராயன் நின்றதைப் பார்த்து ஜனம் வாயைப் பிளந்தது. "மாப்ள, முட்டை எப்ப உடுவே?" என்று கேட்ட ரங்கப்பன்கூட, கேட்டுவிட்டு அவர் பாதத்தையே பார்த்தான். ரங்கப்பன் விற்க வந்த ஒரு ஜோடி காங்கேயம் காளைக்கு இருவரும் துண்டு போட்டார்கள். விரல் பிடித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது, நாட்டராயனின் கால்கள் கிளம்பிவிட்டன. துண்டு ரங்கப்பன் கையிலேயே தங்கியது.

"மாப்ள! ஏ மாப்ள! அதுக்குள்ள கோவமா?" பேரத்தின் நடுவே திரும்பிப் போவதைவிடப் பெரிய ஆயுதம் தரகில் இல்லை. ரங்கப்பன் பின்னாலேயே ஓடி வந்து, நடந்துகொண்டே துண்டைப் போட்டு, நாட்டராயன் மனசில் நினைத்ததைவிடக் கீழே இறங்கினான். நாட்டராயன் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். கோழியை அந்த நிமிஷம் அவர் குலதெய்வமாகவே கும்பிட்டிருப்பார்.

பிறகு பாவாயி வந்தாள்.

நாற்பது வயது இருக்கும். கையில் ஒற்றைக் காளை. பெண்கள் துண்டுக்கடியில் கைவிடும் வழக்கம் அந்தச் சந்தையில் இல்லை. அவள் அதைக் கண்டுகொள்ளாமல் நேரே வந்து கையை நீட்டினாள்.

"ஏனுங்கண்ணா, நீங்க நியாயமான ஆளுன்னு சொன்னாங்க. அவரு படுத்த படுக்கை. இதைக் குடுத்துப்போட்டு இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகோணும்."

நாட்டராயன் காளையைச் சுற்றிலும் பார்த்தார். திமில், கொம்பு, குளம்பு ஒன்றிலும் பழுதில்லை. இதற்கு அவள் கேட்பதைக் குறைக்கவே கூடாது என்று தீர்மானித்துத்தான் துண்டைப் போட்டார். அவள் விரல் ஒரு விலையைச் சொன்னது. அது நியாயமான விலை. 'சரி' என்று அந்த விரலை அழுத்தப் போனார். கை நழுவியது. அவர் போய்க்கொண்டிருந்தார்.

"அண்ணா, அதிகமாச் சொல்லிட்டனுங்களா?"

"இல்லீங் அம்மிணி, நில்லுங்க, இந்தக் கால்..."

துண்டை இழுத்துக்கொண்டு அவள் கூடவே ஓடி வந்தாள். விரல்கள் இறங்கின. அவர் நிமிர்ந்தார், பின்னால் சாய்ந்தார், கால்கள் கேட்கவில்லை. அவள் அதை மறுப்பு என்று எண்ணி இன்னும் இறங்கினாள். வாயால் எதைச் சொன்னாலும் அந்தச் சந்தையில் செல்லாது. வாய் பொய் பேசத்தான் அங்கே இருக்கிறது என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். விரலும் நடையும்தான் பேச்சு. "வேண்டாம் அம்மிணி, எறங்காதே!" என்று அவர் கத்த, வாங்குகிறவன் இப்படியும் ஒரு தந்திரம் செய்வானா என்று கும்பல் ரசித்துச் சிரித்தது. தெய்வாத்தாள் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். கால்கள் அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயின.

 பாவாயி இப்போது அடிமாட்டு விலைக்கும் கீழே வந்திருந்தாள். அந்த விரலைப் பிடித்தால் பேரம் முடிந்துவிடும், பிடித்ததை மாற்ற முடியாது. விட்டால் அவள் அழுதுகொண்டே இன்னொருவனிடம் இதே விலைக்குப் போவாள். துண்டு விலகி, கும்பல் அந்த விலையைப் பார்த்துவிட்டதே.

நாட்டராயன் உடம்பில் மிச்சமிருந்த அத்தனையையும் திரட்டி 'போகாதே' என்று நினைத்தார். வாயால் அல்ல, தலையால் அல்ல. எதனால் என்று பிற்பாடு அவரால் சொல்ல முடியவில்லை.

இடது கால் நின்றது.

வலது கால் நிற்கவில்லை. ஆகவே அவர் பம்பரமாக ஒரு சுற்று சுற்றி, தெய்வாத்தாள்மேல் இடித்து, சாணிப் புழுதியில் விழுந்தார். சந்தையே சிரித்தது. அவர் எழுந்திருக்க முயலவில்லை. உட்கார்ந்த வாக்கில் துண்டை உதறி விரித்து, "உக்காரு அம்மிணி" என்றார். பாவாயி சுற்றிலும் பார்த்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். உட்கார்ந்து பேரமா என்று ரங்கப்பன் முணுமுணுத்தான். நாட்டராயன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அவள் முதலில் சொன்ன விரலைத் தேடிப் பிடித்து அழுத்தினார்.

மறுநாள் எல்லாவற்றையும் ஹெப்சிபாவிடம் கொட்டினார்கள். அவள் அவரைக் கோபிக்கவில்லை. "நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றாள். அவர் தண்டுவடத்தில் வைத்திருந்த கூழிலிருந்து மயிரிழை அளவு ஒரு துணுக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த வாரம் கூப்பிட்டு அனுப்பியபோது அவள் கண்கள் தூங்காமல் சிவந்திருந்தன. திரையில் ஒரு செல். அதன்மேல் நுனிகள். பலவற்றுக்குப் பச்சை வண்ணம் பூசியிருந்தாள்.

"பச்சையெல்லாம் கோழியோட வரைபடத்துல உள்ளது. இதைப் பாருங்க."

ஓரமாகச் சில நுனிகள் மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தன. உள்ளே தட்டைப் பைகள்.

"இது வரைபடத்துல இல்ல. இடது பக்கத்துல மட்டும் இருக்கு. நாங்க வைக்கல. நூல் பிடிச்சுப் பார்த்தேன். மேலேருந்து வருது."

"மேலேருந்தா? அறுந்துபோச்சுன்னீங்களே!"

"அறுந்துதான் போச்சு. அந்தக் காயத்தைச் சுத்திக்கிட்டு, எப்படின்னு எனக்குத் தெரியல, ஏதோ ஒண்ணு இறங்கி வந்து கோழிக் கும்பலுக்கு நடுவுல எடம் பிடிச்சிருக்கு. இது நீங்க ஐயா. இத்தனை நாளைக்கப்புறம் உங்க உடம்பு தன் காலுக்கு அனுப்பின முதல் சேதி." அவள் தட்டைப் பைகளைச் சுட்டினாள். "அது 'போ' இல்ல."

 தெய்வாத்தாள் திரைக்குப் பக்கத்தில் போய், சூடாக இருக்குமோ என்பதுபோல அந்தச் சாம்பல் நுனியை விரல் படாமல் சுட்டினாள். "இதுங்களா அன்னிக்குச் சந்தையில எம்மேல வந்து இடிச்சது?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

"முடிவு நீங்க சொல்லணும்" என்றாள் ஹெப்சிபா. "கோழியோட தட்டைகளை வளரவிட்டா, மழை முடியறதுக்குள்ள நீங்க நல்லா நிப்பீங்க, நடப்பீங்க. ஆனா செல்லுமேல எடம் நிறைஞ்சிடும். இதுக்கு எடம் இருக்காது, ஒடுங்கிப் போயிடும். கோழியோடதை நிறுத்தினா இது வளரலாம். வளராமலும் போகலாம். அதுவரைக்கும் நாற்காலிதான். எத்தனை நாள்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல."

எதிர்க்கேள்வி வரும் என்று அவள் காத்திருந்தாள். பாதிக்குப் பாதி விடலாமா என்று அவர் கேட்பார், முடியாது என்று சொல்ல வேண்டும் என்று ராத்திரியே யோசித்தும் வைத்திருந்தாள்.

"நிறுத்திருங்க" என்றார் நாட்டராயன்.

தெய்வாத்தாள் அவரை உற்றுப் பார்த்தாள். "ஏனுங்க, ஒண்ணுமே கேக்கலியே நீங்க?"

"கேக்கறதுக்கு என்ன இருக்குது புள்ள. வான்னு கூப்பிட்டா வந்துது அது? வழி இல்லாத எடத்துல வழி பண்ணீட்டு வந்திருக்குது."

மேசைக்கடியில் வலது கால் கோழியைப்போலத் தன்பாட்டுக்குத் தரையைச் சீய்த்துக்கொண்டிருந்தது. இடது கால் சும்மா இருந்தது. நாட்டராயன் குனிந்து, அது சும்மா இருப்பதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.